பெங்களூரை விட்டுக் கடலூர் திரும்பலாமா?

கேட்டவர் பெங்களூரில் கணினி வேலையில் இருப்பவர். சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி பக்கம். மனைவி பெங்களூரிலேயே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை, மகள் நாலாம் வகுப்பு. அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள். மாதத்தில் நான்கு நாள் ஆபீசுக்கு வந்தால் போதும் என்கிறது கம்பெனி. சொந்த மாநிலத்துக்குத் திரும்புவது லாபமா நஷ்டமா, திரும்பினால் கடலூரா புதுச்சேரியா, புதுச்சேரி எல்லைக்குள் பாகூர் பக்கம் விலைக்கு வந்திருக்கும் மனையை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

திரும்பி வாருங்கள், என் பதில் அதுதான். ஆனால் மகள் ஆறாம் வகுப்பில் சேர்வதற்கு முன் வாருங்கள். அப்பா அம்மா தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்போதே வாருங்கள். சம்பளத்தில் கை வைக்க மாட்டோம் என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கணக்கு மாறிவிடும். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வருமான வரிக் கணக்குப் பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். புதுச்சேரி எல்லைக்கு இந்தப் பக்கத்து ஆட்களும் வருகிறார்கள், அந்தப் பக்கத்து ஆட்களும் வருகிறார்கள். வரிக் கணக்கோடு பிள்ளையின் சான்றிதழ், வண்டி, ரேஷன் கார்டு என்று எல்லாக் கதையும் என் மேஜைக்கு வந்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உறவு, சாப்பாடு, மொழி எல்லாம் அப்புறம். முதலில் படிப்பு, ஏனென்றால் கெடு வைப்பது அதுதான்.

அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது, மீதி 85 சதவீதம் மாநிலத்துக்கு. அந்த 85க்குள் நுழைய, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்த பிள்ளைக்கு நேட்டிவிட்டி, அதாவது தமிழ்நாட்டுக்காரர் என்பதற்கான சான்றிதழே தேவைப்படாது, பள்ளிச் சான்றே போதும். வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் நேட்டிவிட்டி, பெற்றோரின் பள்ளிச் சான்று, சாதிச் சான்று என்று ஒரு கட்டுக் காகிதம் சேர்க்க வேண்டும். கலந்தாய்வு தேதி நெருங்கும்போது தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் பெற்றோரில் பாதிப் பேர் வெளி மாநிலத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள்தான். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு எடுக்கிறது. உங்கள் மகளை அரசுப் பள்ளியில் சேர்ப்பீர்களா என்பது உங்கள் விருப்பம். நான் சொல்ல வந்தது, எல்லா இடத்திலும் கோடு கிழித்திருப்பது அதே ஆறாம் வகுப்பில்.

பெங்களூரிலேயே இருந்தால்? ஏழு வருடம் கர்நாடகத்தில் படித்த பிள்ளை அங்கே மாநில ஒதுக்கீட்டில் போட்டியிட வழி இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் அங்கே உதவாது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பட்டியல் சாதியினருக்கும் மாநிலம் மாறிப் போனால் அந்த மாநிலத்து ஒதுக்கீடு கிடைக்காது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இங்கே 69 சதவீத ஒதுக்கீட்டுக்குள் நிற்கும் ஒரு குழந்தை, ஓசூர் தாண்டியதும் பொதுப் பிரிவில் போய் நிற்கிறது. சொந்த மாநிலத்தில் இருப்பதன் கனமான லாபம் இது. வாடகை குறைவு, காய்கறி மலிவு என்பதெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது.

இப்போது கடலூரா புதுச்சேரியா. வெளியூர்க்காரர்கள் இதை ஒரே ஊரின் இரண்டு முனை போல நினைக்கிறார்கள். சாலையில் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். கடலூரிலிருந்து வடக்கே பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால் கங்கணாங்குப்பம் வரை தமிழ்நாடு, முள்ளோடையில் புதுச்சேரி தொடங்கிவிடும். கடைப் பலகையில் பெட்ரோல் விலை மாறும், வண்டி எண் பிஒய் ஆகும், மனிதர்களும் பேச்சும் அப்படியேதான் இருக்கும். உள்ளே போகப் போக எல்லை இன்னும் சிக்கல். பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த கிராமங்கள் எப்படிச் சிதறிக் கிடந்தனவோ, 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோதும் அப்படியே யூனியன் பிரதேசமாகிவிட்டன. ஒரு வயல் தமிழ்நாடு, வரப்புக்கு அப்பால் புதுச்சேரி என்று பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் பார்க்கலாம்.

மனிதர்களுக்கு அந்தக் கோடு பெரிதாகத் தெரியாது, விண்ணப்பப் படிவத்துக்குத் தெரியும். புதுச்சேரியின் கல்லூரி இடங்களை ‘சென்டாக்' என்ற அரசு சேர்க்கைக் குழு நிரப்புகிறது. அதற்கு ஐந்து வருடம் தொடர்ந்து புதுச்சேரியில் குடியிருந்த சான்று வேண்டும். சாதிப் பட்டியலும் தனி. பட்டியல் சாதியினரில் 1964க்கு முன்பிருந்தே அங்கே குடியிருக்கும் குடும்பமா, பிறகு வந்தவர்களா என்று பிரித்துப் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. உங்கள் மகள் புதுச்சேரிக்குப் புதிதாக வருகிறவள். ஐந்து வருடம் இருந்தால் அங்கே இருப்பிடம் கிடைக்கும், ஆனால் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கு இங்கே உள்ள ஒதுக்கீட்டுப் பிரிவு அங்கே அப்படியே ஒட்டாது.

அதைவிடப் பெரிய சிக்கல், கடலூரில் குடியிருந்துகொண்டு பிள்ளையை எல்லைக்கு அந்தப் பக்கப் பள்ளிக்கு அனுப்புவது. பள்ளி வேன் வீட்டு வாசலுக்கே வருகிறது, கட்டிடம் நன்றாக இருக்கிறது, சரி என்று சேர்த்துவிடுவார்கள். பன்னிரண்டு முடிக்கும்போது அந்தப் பிள்ளை தமிழ்நாட்டில் படித்த பிள்ளையும் இல்லை, புதுச்சேரியில் குடியிருந்த பிள்ளையும் இல்லை. நேட்டிவிட்டி காட்டி மீளலாம், ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தேவைப்படாத அலைச்சல் அத்தனையும் இந்தப் பிள்ளைக்கு வந்து சேரும். எந்தப் பக்கம் குடியோ அந்தப் பக்கமே பள்ளி. இதில் மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

புதுச்சேரிக்கு என்று பலன்கள் இல்லாமல் இல்லை. கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது, காலாப்பட்டில் 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மக்கள் தொகைக்குக் கல்லூரிகள் அதிகம். அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. பெங்களூரில் சிபிஎஸ்இ படித்த பிள்ளைக்கு அது பழகிய தடம். ஆனால் ஜிப்மருக்குப் போக புதுச்சேரியில் குடியிருக்க வேண்டியதில்லை. கடலூர், விழுப்புரம் மாவட்ட மக்கள் காலங்காலமாக அங்கேதான் போகிறார்கள். உங்கள் வேர் குறிஞ்சிப்பாடியில் இருக்கும்போது எல்லையைத் தாண்டிக் குடியேற வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கடலூர் டவுனிலோ வடலூரிலோ வீடு பாருங்கள்.

பெற்றோர் விஷயத்தில் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: ‘அவர்களுக்கு ஒன்றும் குறையில்லை, மாதாமாதம் பணம் அனுப்புகிறேன்.' பணம் போகிறது, நல்லது. ஆனால் ஜிப்மர் புறநோயாளிப் பிரிவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும், சீட்டு போட வேண்டும், ஒரு கட்டிடத்தில் டாக்டர், இன்னொன்றில் ரத்தம், வேறொன்றில் எக்ஸ்ரே. வைத்தியம் தரமானது, செலவு மிகக் குறைவு. ஆனால் கூட ஓர் ஆள் வேண்டும், ஃபைலைப் பிடித்துக்கொண்டு நிற்க, பெயர் கூப்பிடும்போது ஓட. எழுபது தாண்டியவர் தனியாகப் போனால் பாதியிலேயே திரும்பிவிடுவார். அப்புறம் இந்த ஓடிபி. பல வீடுகளில் அப்பாவின் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் இணைந்திருப்பது பெங்களூரில் இருக்கும் மகனின் போன் எண். பெரியவர் கவுன்டரில் நின்றுகொண்டு, மீட்டிங்கில் இருக்கும் மகனுக்குத் திரும்பத் திரும்ப அடிப்பார். பின்னால் வரிசை முணுமுணுக்கும். எடுக்கவில்லை என்றால் ‘நாளைக்கு வாங்க ஐயா' என்று அனுப்பிவிடுவார்கள். திரும்பி வரும்வரையாவது அந்த எண்ணை மாற்றி அவருடையதையே இணைத்துக் கொடுங்கள்.

அவர்கள் நடமாடும்போதே வாருங்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. படுக்கையில் விழுந்த பிறகு அவசரமாகத் திரும்பும் குடும்பத்தில் எல்லா முடிவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் எடுக்கப்படும். பள்ளி எது, வீடு எது, மனைவிக்கு வேலை என்ன என்று யோசிக்கவே நேரம் இருக்காது. இப்போது வந்தால் தாத்தா பேத்தியைத் தைப்பூசத்துக்கு வடலூருக்குக் கூட்டிப் போவார். வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையில் அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது என்று காட்டிச் சொல்வார். பாட்டி கையில் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால் பேத்தி அதை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுவாள். பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகள் தமிழ் நன்றாகவே பேசுகிறார்கள், படிக்கத்தான் வருவதில்லை. இங்கே 2006 சட்டப்படி பள்ளியில் தமிழ் கட்டாயம், அந்தக் கவலை தானாகத் தீரும். எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

இனி நஷ்டப் பக்கம். இதில் அதிகம் இழக்கப்போவது நீங்கள் இல்லை, உங்கள் மனைவி. உங்கள் வேலை லேப்டாப்பில் கூடவே வந்துவிடும். அவர் பெங்களூரில் கட்டிய பெயரும் சீனியாரிட்டியும் வராது. கடலூரில் தனியார் பள்ளிச் சம்பளம் பெங்களூரைவிட நன்றாகக் குறையும். அரசுப் பள்ளி என்றால் தமிழ்நாட்டு ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும், கர்நாடகத்தில் எழுதியது இங்கே எடுபடாது. அதோடு, அங்கே இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இங்கே அவர் முதலில் மருமகள். காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று ஒவ்வொன்றுக்கும் லீவு போட வேண்டியவர் அவர்தான். மாமனாரை ஜிப்மருக்கு அழைத்துப் போகும் வேலையும் ‘வீட்டில்தானே இருக்கிறாள்' என்று அவர் தலையில் விழும். மாதத்தில் நான்கு நாள் பெங்களூர் போகப்போவது நீங்கள், அந்த நான்கு நாளும் வீடு முழுக்க அவர் பொறுப்பு. அவருக்கு இங்கே ஒரு வேலை உறுதியாகும்வரை கிளம்பாதீர்கள். மாமியார் வீட்டிலேயே தங்குவதா, பக்கத்துத் தெருவில் தனி வீடு எடுப்பதா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். பக்கத்துத் தெரு நல்லது என்பது என் கருத்து.

உங்கள் வேலைக்கும் ஆபத்து இருக்கிறது. பெங்களூரில் ஒரு கம்பெனி போனால் அடுத்த தெருவில் இன்னொன்று. கடலூரில் அப்படி இல்லை. பக்கத்தில் என்று சொன்னால், விழுப்புரம் மாவட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த மினி டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் இருக்கிறது. புதுச்சேரிக்கு ஒட்டினாற்போல்தான், ஆனால் அது இன்னும் தொடக்கம். பெரிய சந்தை என்றால் சென்னைதான். அதனால் ஒரு வருடச் செலவுக்குப் பணம் தனியாக ஒதுக்கிய பிறகே வாருங்கள். ‘இடம் மாறினால் சம்பளம் மாறலாம்' என்று நியமனக் கடிதத்தில் எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கும், தேடிப் படியுங்கள். போக்குவரத்து முன்பைவிடப் பரவாயில்லை. மைசூர் – மயிலாடுதுறை ரயிலைக் கடலூர் துறைமுகம் வரை நீட்டித்துவிட்டார்கள். திருச்சி, தஞ்சாவூர் சுற்றி வருவதால் நேரம் பிடிக்கும், ஆனால் படுத்துத் தூங்கிக்கொண்டு வரலாம். அவசரம் என்றால் திருவண்ணாமலை வழி இரவுப் பேருந்து.

அப்புறம் ஒரு விஷயம், சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. சொந்த ஊர் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. இதே மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கம், 2003இல் சாதி மாறித் திருமணம் செய்த கண்ணகி – முருகேசன் கொல்லப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 2021 ஆனது. சாதி மறுத்துத் திருமணம் செய்தவர்கள், ஊர்த் தெருவில் சமமாக நடக்க விடாத இடத்திலிருந்து தப்பி வந்தவர்கள், தனியாக வாழ முடிவெடுத்த பெண்கள், இவர்களுக்கெல்லாம் ‘நம்ம ஊருக்கே வந்துவிடுங்கள்' என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் பெயர் கேட்காத பெங்களூர்த் தெரு அவர்களுக்குப் பெரிய நிம்மதி. மாநிலத்துக்குத் திரும்ப வேண்டும் என்றால் கிராமத்துக்கே போக வேண்டியதில்லை. கடலூர் டவுன், நெய்வேலி டவுன்ஷிப் சுற்று, சென்னை என்று எத்தனையோ இடங்கள் இருக்கின்றன, சான்றிதழ்ப் பலன் எல்லா இடத்திலும் ஒன்றுதான். உங்கள் கடிதத்தில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. இருந்தால் என் பதிலை அதற்கேற்ப மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

சில்லறை வேலைகள் சில. கர்நாடக எண் வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் மறுபதிவு செய்ய வேண்டும். அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கி, இங்கே வரி கட்டி, அங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். வரி குறைவு என்று புதுச்சேரி விலாசத்தில் பதிவு செய்து கடலூரில் ஓட்டும் யோசனையை யாராவது சொல்வார்கள், வேண்டாம். வாக்கு ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும், எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே. பெங்களூர்ப் பட்டியலில் பெயரை நீக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கடைசியாக மண்ணும் தண்ணீரும். கடலூரில் வீடு தேடுகிறவர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: காற்று எங்கிருந்து வருகிறது, வெள்ளம் எங்கே போகிறது. முதுநகருக்குத் தெற்கே குடிகாடு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகள் இருக்கின்றன. 2021 மே மாதம் அங்கே ஓர் ஆலையில் நடந்த விபத்தில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். சிறு குழந்தை இருக்கும் வீட்டை அதற்கு அருகே வைத்துக்கொள்ள வேண்டாம், வாடகை எவ்வளவு குறைந்தாலும் சரி.

வெள்ளம் இன்னும் பெரிய கதை. 2004 டிசம்பர் 26 சுனாமி தேவனாம்பட்டினத்தை அடித்தது, 2011 டிசம்பர் 30 தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது, 2015இல் பெருமழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் அங்கே 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. கடலூரை மூழ்கடித்தது அதற்கு அடுத்து வந்த தண்ணீர். சாத்தனூர் அணை நிரம்பி, நடுராத்திரியில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். உங்கள் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையில் பிறக்கும் அதே தென்பெண்ணைதான் இங்கே கடலூருக்கு வடபுறம் கடலில் சேருகிறது. மழை விட்டுவிட்டது என்று ஜனங்கள் நினைத்திருந்த நேரத்தில் நாணமேடு, கண்டக்காடு, தாழங்குடா எல்லாம் தண்ணீருக்குள் போயின. ஆற்றின் மறுகரையில் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கும் அதே கதி.

அதனால் அந்த பாகூர் மனை. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால், அது சொர்ணாவூர் அணைக்கட்டில் பெண்ணையாற்றிலிருந்து பிரிகிறது. அந்த வட்டாரமே தண்ணீர் தேங்குவதற்காக அமைந்த நெல் பூமி. மனை போட்டு விற்பவர் மண் அடித்து மேடாக்கியிருப்பார், வெயில் காலத்தில் பார்க்க அழகாக இருக்கும். நகர அமைப்பு அங்கீகாரம் இருக்கிறதா, மூலப்பத்திரம் என்ன சொல்கிறது என்று புதுச்சேரி வக்கீல் ஒருவரை வைத்தே பாருங்கள், கடலூர் வக்கீல் போதாது. பிரெஞ்சுக் காலத்தில் சொந்தச் சட்டத்தை விட்டுக்கொடுத்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் போன குடும்பங்கள் அங்கே உண்டு. அந்தக் குடும்பத்துச் சொத்து என்றால் வாரிசு உரிமையே வேறு விதமாகப் போகும், கையெழுத்துப் போட வேண்டியவர்களில் ஒருவர் பாரிஸில் இருக்கலாம்.

முதலில் வடலூரிலோ கடலூரிலோ வாடகைக்கு எடுத்து, ஒரு ஐப்பசி கார்த்திகை போகட்டும். பெரிய மழை விட்ட மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு அந்த மனைக்குப் போய், பக்கத்து வீட்டுச் சுவரில் கறை எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் இந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று அங்குள்ள பெண்களிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். அதுவரை அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.